மண்வாசனைக்குள் ஒரு சின்தசைசர்

1

2011-ல் இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. பெயர் ‘சொல்ல சொல்ல’. மேஸ்ட்ரோ இளையராஜாவும் கோலிவுட்டின் எலக்ட்ரானிக் பாப் ஒலியும், 1977 முதல் 1983 வரை என்பது துணைத்தலைப்பு. பழைய தட்டுக் கடைகளில் பெட்டி பெட்டியாகத் துழாவி, மறந்துபோன இசையைத் தூசி தட்டி மறுபதிப்புச் செய்வதுதான் இந்த நிறுவனத்தின் தொழில். அதன் பெயரே அங்குள்ள பிள்ளைகள் விளையாட்டில் சொல்கிற வழக்கிலிருந்து வந்தது. நம் மொழியில் சொன்னால், ‘கண்டெடுத்தவனுக்கே சொந்தம்’.

நம் ரசிகர்கள் இதற்கு இரண்டு விதமாகத்தான் பதில் சொல்வார்கள். ஒன்று பெருமை: ‘பாத்தியா, வெள்ளைக்காரனே வந்து கேக்குறான்.’ இன்னொன்று எரிச்சல்: ‘ராஜாவை யாருய்யா தொலைச்சா, இவன் கண்டுபிடிக்க?’ டீக்கடை, டவுன் பஸ், கல்யாண வீடு என்று ஓயாமல் ஒலிக்கிற ஒருவரைத் தொலைந்த பொக்கிஷங்களின் வரிசையில் வைப்பது வேடிக்கைதான். எரிச்சல் நியாயமானது. ஆனால் அந்த எரிச்சலில் ஒரு விஷயத்தைத் தவறவிட்டுவிட்டோம். அந்தத் தட்டு, மொழியும் படமும் தெரியாதவர்கள் கேட்பதற்காகத் தொகுக்கப்பட்டது. அதனாலேயே பாட்டுக்குள் இருக்கும் மின்னணு ஒலி அதில் முன்னால் வந்து நிற்கிறது. நமக்கு அதே பாட்டில் மெட்டு கேட்கிறது, குரல் கேட்கிறது, நடிகர் முகம் தெரிகிறது, நாம் அப்போது படித்த வகுப்புகூட ஞாபகம் வருகிறது. கீபோர்டு மட்டும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? இளையராஜா என்றதும் ‘மண்வாசனை’ என்ற சொல்லைக் கை தானாக எடுத்துவிடுகிறது. மலையடிவாரத்துக் கிராமம், ஆத்தங்கரை, நாத்து நடுகிற பாட்டு, பறை, உடுக்கை. இந்தச் சித்திரத்தில் ஒயர் இல்லை, பிளக் இல்லை, ஆஸிலேட்டர் இல்லை. அந்தச் சொல் நம் காதைப் பாதி அடைத்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த அடைப்பைப் பற்றியது.

2

முதலில் சின்தசைசர் பித்தர்களின் உலகை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம். மின்சாரத்தில் அலை ஒன்றை உண்டாக்கி, அதை வடிகட்டி, வெட்டி, வளைத்து ஒலியாக்கும் பெட்டிதான் சின்தசைசர். மாடுலர் என்றால் அந்த வேலைகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி. வாசிப்பவரே ஒயர் போட்டு இணைத்துக்கொள்ள வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் ராபர்ட் மோகும் டான் புக்லாவும் தனித்தனியாக இதைச் செய்தார்கள். 1980-களில் டிஜிட்டல் கருவிகள் வந்ததும் பழைய அனலாக் பெட்டிகள் அடிமாட்டு விலைக்குப் போயின. இன்று அவற்றின் விலையைக் கேட்டால் போடியில் ஒரு வீட்டு மனைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் போலிருக்கும். 1978-ல் வந்த கோர்க் எம்.எஸ். 20-ஐ அதே நிறுவனம் 2013-ல் சிறிய அளவில் மறுபடி செய்து விற்றது. பழசுக்கு அவ்வளவு கிராக்கி.

இந்த உலகில் செய்தி என்றால் பெரும்பாலும் கண்டுபிடிப்புதான். எங்கோ ஒரு கிடங்கில் ஒரு பெட்டி, எங்கோ ஒரு அலமாரியில் ஒரு நாடா. இந்தியாவிலிருந்து அப்படி இரண்டு பெரிய செய்திகள் வந்தன.

ஒன்று அகமதாபாத். 1969-ல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மோக் மாடுலர் வந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். இதற்குப் பின்னால் இருந்த கீதா சாராபாய் 1946-லேயே நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அந்தக் கருவியில் வேலை செய்தார்கள். பிறகு எல்லாம் அலமாரிக்குப் போனது. பிரிட்டிஷ் கலைஞர் பால் புர்காஸ் அந்த நாடாக்களைத் தேடி எடுத்தார். 2023-ல் அவை தொகுப்பாக வெளிவந்தன. நிலவில் மனிதன் கால்வைத்த வருடத்தில் அகமதாபாத்தில் ஒருவர் மோக் பெட்டியில் ஒயர் சொருகிக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் புல்லரிப்புத் தருகிற செய்திதான்.

இன்னொன்று பம்பாய். இந்தித் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர். 808, டி.பி. 303, ஜூபிடர் 8 என்ற மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு போட்டார். விற்கவில்லை. 2010-ல் அது ஐரோப்பாவில் மறுபதிப்பு கண்டபோது உலகமே அதிர்ந்தது. சிகாகோவில் 1987-ல் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை பிறந்ததாகத்தான் வரலாறு. அதே 303-ன் நெளிகிற ஒலியை ஐந்து வருடம் முன்னால் பம்பாய்க்காரர் ஒருவர் பைரவ் ராகத்தில் ஓட்டியிருக்கிறார்! சரண்ஜித் எழுபது வயதில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015-ல் காலமானார்.

இரண்டும் அருமையான கதைகள். இரண்டு தொகுப்புகளையும் கேட்காதவர்கள் கேட்க வேண்டும். ஆனால் கதை சொல்லப்படுகிற விதத்தைக் கவனியுங்கள். சரண்ஜித்தை எப்போதும் ‘காலத்துக்கு முந்தியவர்’ என்றே அறிமுகம் செய்கிறார்கள். யாருடைய காலத்துக்கு? சிகாகோவின் காலத்துக்கு. அவர் செய்த காரியம், அன்று பம்பாயில் கொடிகட்டிப் பறந்த டிஸ்கோவையும் தனக்குத் தெரிந்த ராகங்களையும் புதிதாக வாங்கிய பெட்டிகளில் சேர்த்துப் பார்த்தது. அது 1982-ன் பம்பாய்க்கு மிகச் சரியான காரியம். ஐந்து வருடம் கழித்து வேறொரு ஊரில் வேறு சில இளைஞர்கள் வேறொன்றைச் செய்ததால்தான் அவர் முன்னோடி ஆனார். சிகாகோ நடக்காமல் போயிருந்தால் அந்தத் தட்டு இப்போதும் பழைய சாமான் கடையில் கிடந்திருக்கும். இசை அதே இசைதான். வந்து பார்த்த நாட்காட்டிதான் வேறு.

‘சொல்ல சொல்ல’ தொகுப்பும் இதே வேலையைச் செய்கிறது. ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டில் மின்னணு ஒலி தூக்கலாக இருக்கிற ஒன்றை மட்டும் எடுத்து, அப்படிப்பட்டவற்றை அடுத்தடுத்து வைக்கும்போது, கேட்பவர் மனதில் விநோதமான எலக்ட்ரானிக் சோதனைக்காரர் ஒருவர் உருவாகிறார். அவருக்கு வயலின் கூட்டம் இல்லை, தவில் இல்லை, தாலாட்டு இல்லை. தொகுப்பின் எல்லை 1983 என்பதையும் பாருங்கள். யமஹா டி.எக்ஸ். 7 என்ற டிஜிட்டல் கருவியும், கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்த மிடி என்ற ஏற்பாடும் வந்த வருடம் அது. அதற்கு முந்தியது ‘கதகதப்பான’ அனலாக், பிந்தியது சில்லிட்ட டிஜிட்டல் என்பது சேகரிப்பவர்களின் ருசி. இளையராஜாவின் இசைக்குள் அப்படி எந்த எல்லைக்கல்லும் கிடையாது.

3

சரி, வெளியில் இருப்பவர்கள் மெஷினை மட்டும் கேட்டார்கள். உள்ளே இருக்கிற நாம் என்ன செய்தோம்? மெஷினே இல்லை என்றோம்.

தமிழில் திரையிசை பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாதம் தவறாமல் வரும். ராஜா காலத்தில் எல்லாம் நிஜ வாத்தியம். 1992-ல் ‘ரோஜா’ வந்தது, ரஹ்மான் வந்தார், எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. மனிதன் போய் மெஷின் வந்த வருடம் 1992. ரஹ்மானைப் பிடித்தவர்களும் இதையேதான் திருப்பிப் போட்டுச் சொல்கிறார்கள்: அவர்தான் நம்மை நவீனத்துக்குக் கூட்டிவந்தார் என்று. இரண்டு கட்சிக்கும் கோடு ஒன்றுதான். கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

இந்தக் கோடு நிற்காது. ‘அன்னக்கிளி’க்கு (1976) முன்பே இளையராஜா மற்ற இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் கிட்டாரும் ஆர்கனும் வாசித்தவர். அதாவது மின்சாரத்தில் ஓடுகிற விசைப்பலகை அவருக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி இல்லை, சோறு போட்ட தொழில். அவர் குழுவில் விஜி மேனுவல் போன்ற தேர்ந்த கீபோர்டு கலைஞர்கள் இருந்தார்கள். 1986-ல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ இரண்டும் வந்தபோது ‘கம்ப்யூட்டர் இசை’ என்பதே பெரிய பேச்சாக இருந்தது. பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆகப்போகிற திலீப் என்ற இளைஞரும் அவரிடம் கீபோர்டு வாசித்தவர்தான். ‘அக்னி நட்சத்திரம்’ (1988) பாடல்களை இன்று ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள்: எடுத்த எடுப்பிலேயே சின்தசைசரும் மின்னணுத் தாளமும்தான் வழிவிட்டுப் பாடகரை உள்ளே கூப்பிடுகின்றன. அதற்கு அடுத்த வருடம் ‘கரகாட்டக்காரன்’. நாதஸ்வரமும் தவிலும். ஒரே மனிதர், பதினான்கு மாத இடைவெளி.

நாம் என்ன செய்தோம் என்றால், ‘கரகாட்டக்காரன்’தான் அசல் ராஜா, ‘அக்னி நட்சத்திரம்’ காலத்துக்காகச் செய்தது என்று பிரித்துவைத்தோம். கிராமத்தில் பிறந்தவர் தவிலைக் கொண்டுவந்தால் அது அவர் ரத்தத்தில் ஊறியது. சின்தசைசரைக் கொண்டுவந்தால் அது அவர் கற்றுக்கொண்ட வித்தை. கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும் இந்தப் பேச்சில் ஒரு கீழறுப்பு இருக்கிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையைக் கற்று, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கைப்பட நொட்டேஷன் எழுதிக் கொடுத்த ஒருவரின் அறிவை, மண் கொடுத்த வரமாக மாற்றிவிடுகிற பேச்சு அது. சென்னையிலோ பம்பாயிலோ பிறந்த இசையமைப்பாளரிடம் யாரும் மண்வாசனை கேட்பதில்லையே.

4

அந்த மண்தான் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு வருவோம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் வழியாக உத்தமபாளையம் போகிற சாலையில் வருகிறது பண்ணைப்புரம். வலது கைப்பக்கம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கு மேலே ஏலக்காய், தேயிலை, காப்பித் தோட்டங்கள். சினிமாவில் பார்த்தால் பச்சைப் பசேல் என்று ஆதி அந்தம் இல்லாத இயற்கை மாதிரி இருக்கும். நிஜத்தில் தென்னிந்தியாவில் நவீன உலகம் முரட்டுத்தனமாக முதலில் நுழைந்த இடங்களில் ஒன்று இந்தச் சரிவு.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்துப் போகிற ரயில் ஓடியது. 1908-ல் அது குறுகிய ரயில் பாதையானது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டே குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு 1928-ல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. அகலப்பாதைக்காக 2010-ல் நின்று, 2023-ல் திரும்ப வந்தது. ஏலக்காய் விஷயமும் அப்படித்தான். மேலே காயைப் பறிக்கிற கை கூலிக்கை. கீழே போடியில் நடக்கிற ஏலம் இன்று கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. வாங்குவதும் விற்பதும் உலகச் சந்தையின் விலைக்குத்தான். தெற்கே முல்லைப் பெரியாற்றின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்பில் மின்சாரமாகிறது. கம்பி, தண்டவாளம், சுரங்கம், டர்பைன் எல்லாம் கலந்ததுதான் இந்த ‘மண்’.

பாட்டும் அப்படித்தான் இருந்தது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சிக்காக மேடை மேடையாகப் பாடியவர். 1958-ல் மலைக்கு மேலே தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது தோட்டத் தொழிலாளர்களிடம் அவர் பாட்டு போய்ச் சேர்ந்தது. தம்பிகள் அந்தக் குழுவில் வளர்ந்தார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு போன வாத்தியம் எது? ஹார்மோனியம். ஐரோப்பாவிலிருந்து வந்த, காற்றில் ஓடுகிற, கட்டை கட்டையாகச் சுரங்கள் வைத்த பெட்டி. அது இந்திய இசைக்கே ஆகாது என்று 1940-ல் அகில இந்திய வானொலி தடை போட்டது. ஏறக்குறைய முப்பது வருடம் அந்தத் தடை இருந்தது. தில்லி வேண்டாம் என்ற பெட்டி ஏலமலைச் சரிவில் மலையாளமும் தமிழும் கலந்த கூட்டங்களில் சங்கப் பாட்டுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தது. தூய்மை பற்றிக் கவலைப்பட அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

ஆகவே பண்ணைப்புரத்திலிருந்து சின்தசைசருக்குப் போன தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. கிராமத்தை விட்டு எந்திரத்துக்குப் போனவர் என்று சொல்வதைவிட, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போனவர் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

5

இது வெறும் உவமை இல்லை. கருவியின் உள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது.

ஹார்மோனியத்தில் வலது கை கட்டையை அழுத்துகிறது. இடது கை துருத்தியை இழுக்கிறது. எந்தச் சுரம் என்பதை வலது கை சொல்கிறது. அந்தச் சுரம் எப்படிப் பிறக்க வேண்டும், வெடுக்கென்றா, மெல்ல ஊறியா, எப்போது அடங்க வேண்டும் என்பதை இடது கை சொல்கிறது. சின்தசைசரில் இந்த இடது கையின் வேலையை ஒரு சின்ன சர்க்யூட் செய்கிறது: எழுவது, தணிவது, நிற்பது, மறைவது என்று நான்கு திருகுகள். முதல் தடவை அந்தத் திருகுகளைத் தொடுகிற ஹார்மோனியக்காரருக்கு அது அந்நியமாக இருக்காது. இவ்வளவு நாள் இடது தோள் வலிக்கச் செய்ததை இது சும்மா செய்கிறதே என்றுதான் தோன்றும்.

இன்னொன்று. பழைய அனலாக் கருவிகள் சூட்டுக்குச் சுருதி விலகும். ஸ்விட்ச் போட்டு, சூடேறி நிலைக்க விட்டு, பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும். சேகரிப்பவர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள்: எங்கள் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று. பறையை வைக்கோல் தீயில் காட்டித் தட்டிப் பார்த்து, தோல் இறுகி நாதம் ஏறியதும் எழுந்து அடிக்கப் போகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ‘எங்களுக்கும் அதேதான் தம்பி.’

ஆனால் எல்லாமே ஒத்துப்போகும் என்று சொல்லிவிட முடியாது. விசைப்பலகை படி படியாகத்தான் ஏறும்; நம் சுரமோ வழுக்கிக்கொண்டு போகும். ஹார்மோனியம் தடைபட்டதற்குச் சொன்ன காரணமும் அதுவே, கமகம் வராது என்று. சின்தசைசர் இந்த இடத்தில் ஹார்மோனியத்தைத் தாண்டியது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழுத்துக்கொண்டு போக அதில் வசதி உண்டு. சுரத்தைக் கையால் வளைக்க ஒரு சக்கரமும் உண்டு. மேற்கத்தியருக்கு அது கிட்டார் கம்பியை வளைக்கிற விளையாட்டு. நம் கீபோர்டு வாசிப்பவர் கையில் அது நாதஸ்வரச் சாயலுக்குப் போகிற வாசல்.

கச்சேரி மேடையிலேயே இன்னொரு ஆஸிலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதைச் சின்தசைசர் என்பதில்லை. பெங்களூரின் ராடெல் நிறுவனம் 1970-களின் கடைசியிலிருந்து பரப்பிய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைத்தான் சொல்கிறேன். தம்பூராக் கலைஞரின் இடத்தில் அது உட்கார்ந்தபோது மண்ணும் போகவில்லை, மரபும் போகவில்லை என்று சபாக்கள் அமைதியாக ஏற்றுக்கொண்டன. இந்தியாவில் மின்னணு இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அகமதாபாத் மோக் பெட்டியிலிருந்து தொடங்குகிறார்கள். வீட்டுக்கு வீடு போன பெட்டியிலிருந்து தொடங்கினால் கதை வேறு மாதிரி வரும்.

இந்தப் பின்னணியோடு இளையராஜாவிடம் திரும்பினால், அவர் செய்தது தெளிவாகத் தெரிகிறது. மோக் போன்ற கருவிகளை மேற்கில் பெரும்பாலும் இதுவரை யாரும் கேட்காத ஒலிக்காகவே தேடினார்கள். விண்வெளி, எதிர்காலம், கனவு. ஜின்ராஜ் ஜோஷிபுராவின் அகமதாபாத் படைப்பு ஒன்றின் பெயரே ‘ஸ்பேஸ் லைனர் 2001’. இளையராஜாவின் இசையில் சின்தசைசர் பெரும்பாலும் எதிர்காலத்துக்குப் போவதில்லை. பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஒரு பதில் சொல்லும்; வயலின் கூட்டத்துக்கு அடியில் பாய் விரிக்கும்; பேஸ் கிட்டாரோடு சேர்ந்து நடக்கும்; புல்லாங்குழல் விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் குழலிடமே கொடுக்கும். அதற்கும் எழுதித் தந்த நொட்டேஷன்தான், வயலினுக்கும் எழுதித் தந்த நொட்டேஷன்தான். ஒரே தாளில் இரண்டும். அதை ஒரு வாத்தியமாக மட்டுமே நடத்தியதுதான் அவர் அதற்குச் செய்த பெரிய மரியாதை. நாம் அதைக் கேட்காமல் போனதற்கும் அதுவே காரணம்: உறுத்தவில்லை.

‘புன்னகை மன்னன்’ போன்ற படங்களில் இதற்கு மாறாக மெஷினே மேடையின் நடுவுக்கு வருகிறது. அங்கேயும் அவர் மெஷினைக் கட்டிப்போடாமல் ஆடவிடுகிறார், ஏனென்றால் கதையில் இருப்பதும் ஆட்டம்தான். என் கணக்கில் இவை அவருடைய உச்சங்கள் இல்லை. ஒலி புதிதாக இருக்கிறது என்பதற்காகவே மெட்டு சற்று ஓய்வெடுத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் சேகரிப்பவர்கள் முதலில் கொண்டாடுவது இப்படிப்பட்டவற்றைத்தான். நான் சிபாரிசு செய்வது ‘பன்னீர் புஷ்பங்கள்’, ‘ஜானி’ காலத்துப் பாடல்களை. அவற்றின் இடையிசைகளில் மின்சாரம் எங்கே தொடங்குகிறது, மரமும் நரம்பும் எங்கே முடிகிறது என்று தையல் தெரியாது.

6

இவ்வளவு சொன்னபிறகு ஒரு விஷயத்தை மழுப்பினால் அது நேர்மை இல்லை. மெஷின் வந்ததால் போன வேலைகள் உண்டு. நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் சுருங்கின. வயலின் வாசித்துக் குடும்பம் நடத்தியவர்கள் பலர் வேறு வழி தேடினார்கள். திருவிழா மேடைகளில் ரோலண்ட் பேட் வந்தது. தேனி, கம்பம், போடிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ஒரே ஆள் இரண்டு குச்சியால் தவில், பறை, உறுமி, டிரம்ஸ் நான்கையும் தட்டுகிறார். நான்கு பேர் கூலி ஒரு பேட்டுக்குள் போய்விட்டது.

‘நிஜ வாத்தியம்’ என்று ஏங்குகிறவர்களின் ஏக்கத்தில் இந்த இழப்பும் இருக்கிறது. அதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் அந்த ஏக்கம் தவறான வாசலைத் தட்டுகிறது. வேலையை எடுத்தது ஒலி இல்லை, கணக்கு. எத்தனை பேருக்குச் சம்பளம் என்று தயாரிப்பாளர் போட்ட கணக்கு, திருவிழாக் கமிட்டி போட்ட கணக்கு. அதே சின்தசைசர் நாற்பது வயலினுக்கு நடுவில் நாற்பத்தொன்றாவதாக உட்கார்ந்திருந்த காலமும் இருந்தது என்பதற்கு ராஜாவின் பதிவுகள்தான் சாட்சி. கருவிக்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கிற வரை அந்தக் கணக்கைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த பேட்டில் இருக்கிற தவில் ஒலி சும்மா வந்துவிடவில்லை. யாரோ ஒரு தவில்காரர் அடித்ததைப் பதிந்து ஏற்றியதுதான். ஊர் ஊராக இப்படி ஒலிகளைத் திருத்தி, மாற்றி, கைமாற்றிக்கொள்கிற வாசிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஜப்பான் பெட்டிக்குள் உறுமியின் முனகலைக் கொண்டுவர ராத்திரி பகலாக உட்கார்ந்து திருகுகிறவர் செய்வதும் சின்தசைசர் கலைதான். பெர்லினில் ஒருவர் அதைச் செய்தால் ‘சவுண்ட் டிசைனர்’. சின்னமனூரில் செய்தால் ‘பேட் வாசிக்கிற பையன்’.

7

அப்படியானால் நாம் எதைக் கண்டுபிடிக்க வேண்டும்? மெட்டுகள் தொலையவில்லை. தொலைந்துகொண்டிருப்பவை வேறு. எந்தப் பாட்டில் எந்தக் கருவி, யார் வாசித்தார், அந்த ஒலியை எப்படித் திருகி எடுத்தார்கள் என்ற விவரங்கள். இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் பாடலாசிரியர் பெயரும் இருக்கும். வாசித்தவர் பெயர் அபூர்வம். சரண்ஜித் சிங் தட்டு மறுபிறவி எடுத்ததற்கு ஒரு சாதாரணக் காரணம், கருவிகளின் பெயர் அதோடு சேர்ந்து தெரிந்திருந்தது. நம் வரலாற்றுக்கு அந்தச் சாதாரணக் காரணமே இல்லை. கோடம்பாக்கத்தில் அந்தக் காலத்தில் வாசித்தவர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி, ‘ராஜா சார் எப்படிப்பட்டவர்?’ என்பது இல்லை. அதை ஆயிரம் பேர் கேட்டாகிவிட்டது. ‘அந்தப் பாட்டுல ரெண்டாவது இடையிசையில வர்ற சத்தம், எந்தக் கருவி சார்? எந்தத் திருகு?’ இதுதான் கேள்வி.

புதிதாகச் செய்கிறவர்களுக்கும் இந்த வரலாறு தேவை. தில்லியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் அருஷி ஜெயின் 2021-ல் மாடுலர் கருவியில் இந்துஸ்தானி ராகங்களை வைத்து ஒரு முழுத் தொகுப்பு செய்தார். லண்டனில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ. ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒரே பெட்டியில் தன் முதல் பாட்டுகளைக் கட்டினார். அவை 2005-ல் ‘அருளர்’ ஆயின. அவருடைய அடுத்த தொகுப்பு ‘கலா’வின் (2007) முதல் பாட்டில், ‘தளபதி’ படத்தின் பண்டிகைப் பாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. ஏலமலை அடிவாரத்தில் பிறந்தவரின் தாளம் லண்டன் பெட்டிக்குள் போய் உலகம் சுற்றியது. அதைக் கேட்டவர்களுக்கு அது மண்ணா மெஷினா என்ற சந்தேகம் வந்திருக்காது. ஆடியிருப்பார்கள்.

தமிழில் இன்று லேப்டாப்பிலும் சின்னச் சின்ன மாடுலர் பெட்டிகளிலும் இசை செய்கிற இளைஞர்களுக்கு முன்னோர் யார் என்று கேட்டால், ஜெர்மனி, சிகாகோ, டெட்ராய்ட் என்று பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியல் தவறில்லை, முழுமை இல்லை. அதில் ஹார்மோனியத்தோடு மலையேறிய ஒரு குழுவின் பெயர் இருக்க வேண்டும், கோடம்பாக்கத்து கீபோர்டுக்காரர்கள் பெயர் இருக்க வேண்டும், பேட்டில் உறுமியைத் தேடுகிறவர் பெயரும் இருக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். இன்றைக்கு ராத்திரி உங்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய ராஜா பாட்டை எடுங்கள். எண்பதுகளின் தொடக்கமாக இருந்தால் நல்லது. பாடகர் குரலை விட்டுவிடுங்கள், வரிகளை விட்டுவிடுங்கள். பின்னணியில் வயலினுக்குப் பக்கத்தில் வயலின் இல்லாத ஒன்று நகர்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கேட்டதும் எந்த நிமிடம், எந்த நொடி என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு போய் விசாரிக்க ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.